வலித்தால்தான் சிவப்புப் பண்டேஜ்

சேர், என் இடது மணிக்கட்டைக் கெடுத்தது நீங்கள்.

அடித்தோ முறுக்கியோ கெடுக்கவில்லை. நீங்கள் பிள்ளைகள் மேல் கை ஓங்கியதே இல்லை. வாரத்தில் ஐந்து நாள், பாடசாலை விட்ட பிறகு, சிரித்த முகத்தோடு "தவ எகய்" என்று சொல்லிச் சொல்லியே கெடுத்தீர்கள். சிங்களத்தில் அதற்கு 'இன்னும் ஒன்றுதான்' என்று பொருள். அந்த ஒன்று ஒரு நாளும் ஒன்றோடு நின்றதில்லை.

எனக்கு இப்போது இருபத்தொரு வயது. கண்டி நகரில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தேன். மாகாண மட்டத்தில் இரண்டு பதக்கம் வாங்கினேன். கையை இழந்துவிட்டேன் என்று சொன்னால் அது மிகை. கை இருக்கிறது. போத்தல் மூடியைத் திறக்கத்தான் அது உதவாது.

பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்கு அனுப்புகிற அம்மா அப்பாமார் இதை வாசிக்க வேண்டும். கை வலியோடு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளும் வாசிக்க வேண்டும். வலியே இல்லாமல் 'வலிக்குது' என்று சொல்லப் போகிற பிள்ளை கட்டாயம் வாசிக்க வேண்டும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எங்கள் வகுப்பு குண்டசாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. சேர்தான் கோச். அங்கே ஒரு வழக்கம். சின்னப் பிள்ளைகள் வெறும் கையோடு பயிற்சி செய்வார்கள். மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு சேர் சிவப்பு நிறப் பண்டேஜ் தருவார். சும்மா தரமாட்டார். வருடக் கடைசியில் பெற்றோர் கூட்டம் வைத்து, பிள்ளையை மேடையில் ஏற்றி, ஒரு விருந்தினரைக் கொண்டு இரண்டு கையிலும் கட்டுவிப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். அன்றிலிருந்து அவள் சீனியர். சீனியருக்குத்தான் போட்டி. சீனியருக்குத்தான் வால்ட் (ஓடி வந்து கைகளை ஊன்றித் தாண்டும் மேசை).

விளங்குகிறதா? வலி வந்தால் பதவி உயர்வு.

கை வலிக்கும் அளவுக்கு உழைத்தவள்தான் பெரிய பாய்ச்சல்களுக்குத் தயார் என்பது சேரின் கணக்கு. அவருடைய காலத்தில் அவருக்கும் அப்படித்தான் கட்டினார்களாம். "வலி வந்தா பயம் வேணாம், துவ. எலும்பு ஸ்ட்ரோங் ஆகுது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொல்வார். துவ என்றால் மகள். எங்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார். மனதாரத்தான் கூப்பிடுவார். அதனால்தான் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்குப் பதினொரு வயதானபோது என்னோடு சேர்ந்த நாலு பேருக்கும் பண்டேஜ் கிடைத்துவிட்டது. எனக்கு வலி வரவில்லை. கையைத் தரையில் அழுத்திப் பார்ப்பேன். சுவரில் குத்திப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரு நாள் சேரிடம் போய் இரண்டு கையையும் நீட்டி, "வலிக்குது சேர்" என்றேன்.

பொய்.

சேர் என் தலையைத் தடவினார். "ஹரி, ஹரி" என்றார், சிங்களத்தில் 'சரி, சரி'. "இப்பதான் நீ ஜிம்னாஸ்ட்."

மேடையில் கட்டிய அந்தப் பண்டேஜை அம்மா வீட்டில் துவைத்து வாசல் கம்பியில் காயப்போடுவார். வீட்டுக்குப் பின்னால் நல்ல வெயில் படுகிற கொடி இருந்தது. இருந்தாலும் வாசலில்தான் போடுவார். கீழ்வீட்டு அக்கா ஒரு நாள் கேட்டார், "என்னங்க, புள்ளைக்குக் கையில அடியா?"

"அடியில்லங்க. அது சீனியர்மாருக்குக் குடுக்கிறது. எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"நம்ம வீட்டு மனுஷனுக்கும் முதுகுல ஒன்னு கட்டியிருக்கு. அவரு என்ன சீனியரு?"

அம்மா அந்த அக்காவோடு ஒரு மாதம் பேசவில்லை.

உண்மையான வலி ஒரு வருடம் கழித்து வந்தது. பாடசாலையில் கதிரையில் கையூன்றி எழும்பும்போது, இடது மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக ஒரு குத்தல். எழுந்து நின்றதும் போய்விட்டது. அடுத்த நாளும் வந்தது. அடுத்த வாரம், கையூன்றாமல் சும்மா மடக்கினாலே வந்தது.

அதை யாரிடம் சொல்வது? வலிக்கிறது என்று சொல்லித்தானே பண்டேஜ் வாங்கினேன். வலிக்கிறவளுக்கு அந்த மண்டபத்தில் என்ன கிடைக்குமோ அது எனக்கு ஏற்கனவே கிடைத்திருந்தது. சீனியர்கள் எல்லோர் கையிலும் சிவப்பு. அதில் எந்தக் கை உண்மையில் கெட்டுப்போகிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஒரு நாள் சொல்லியும் பார்த்தேன். சேர் பண்டேஜை அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டி அனுப்பினார்.

அப்போது நான் பழகிக்கொண்டிருந்தது ஃப்ளிக். நின்ற இடத்திலிருந்து பின்னால் பாய்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, காலைச் சுழற்றிக் கொண்டுவந்து மீண்டும் நிற்பது. மூன்றைத் தொடர்ந்து செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் உடம்பின் பாரம் முழுவதும் வேகத்தோடு மணிக்கட்டில் இறங்கும். களைத்தால் என் முழங்கை மடங்கும். மடங்கினால் தவ எகய். சரியாக வந்தால், அந்தச் சரியை உறுதிப்படுத்த இன்னொரு தவ எகய்.

வீட்டில் அம்மா எண்ணெய் போட்டுத் தேய்த்தார். தேய்த்தால் வலி கூடும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. டிஸ்பென்சரியில் வலி மாத்திரை வாங்கித் தந்தார். அதைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்னால் போட்டால் நல்லது என்று நானே கண்டுபிடித்தேன். பன்னிரண்டு வயதில் எனக்கு இருந்த மருத்துவ அறிவு அவ்வளவுதான்.

எனக்குப் பதின்மூன்று வயதான மாதத்தில், ஒரு நாள் காலை, பற்பசையை அழுத்திப் பிரஷில் வைக்க முடியவில்லை. பசை வரவில்லை என்று நினைத்து இரண்டு மூன்று முறை முயன்றேன். பின்னால் நின்ற அப்பா டியூபை வாங்கி ஒரே அழுத்தில் எடுத்தார்.

"கைய காட்டு."

காட்டினேன்.

"மத்தக் கைய காட்டு."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடது மணிக்கட்டு தடித்திருந்தது.

அப்பா மாநகர சபையில் தண்ணீர் மீட்டர் வாசிக்கிறவர். வீடு வீடாகப் போய் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது அவர் வேலை. ஒரு எண் பிசகினால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் எதையும் இரண்டு முறை பார்ப்பார். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாலு மணித்தியாலம் இருந்தோம். எதிர் வாங்கில் கால் முறிந்தவர்கள், இடுப்பு உடைந்த வயதானவர்கள். ஒருவர் என் சிவப்புப் பண்டேஜைப் பார்த்து "விழுந்துட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

எலும்பு வைத்தியர் பண்டேஜை அவிழ்த்து மேசையில் வைத்தார். அக்குறணைப் பக்கத்து மனிதர் என்று அப்பா பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"என்னத்துக்கு மகள் இத கட்டீக்கிறது?"

"நான் சீனியர், சேர்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"நோவு வந்த பொறகா கட்டின? இல்லாட்டி, கட்டின பொறகா நோவு வந்த?"

இந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போதுதான் எழுத்தில் சொல்கிறேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்கையில் இரண்டு எலும்பு இருக்கிறது. பெருவிரல் பக்கம் ஆரை எலும்பு, சின்னவிரல் பக்கம் அரந்தி எலும்பு. பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளுகிற இடத்தில் உள்ள மெல்லிய குருத்தெலும்புப் படை) இருக்கும். அது எலும்பைவிட மென்மையானது. பிள்ளை வேகமாக உயரும் வயதில் இன்னும் பலவீனமானது. என் ஆரை எலும்பில் அந்தத் தட்டு அகன்று, ஓரங்கள் பிய்ந்த துணி மாதிரி இருந்தது. திரும்பத் திரும்ப இடிபட்டதால் வந்தது என்றார். விழுந்து உடைந்திருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள், இது கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்றார்.

பிறகு அப்பாவிடம் கேட்டார், "ஒரு நாளைக்கு இந்தக் கையில எத்தன தரம் பாரம் உழுகுது?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் பின்னேரம் அப்பா போனில் சேரிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. ஊரில் எந்த வீட்டுக் குழாயில் எவ்வளவு தண்ணீர் போனது என்று சொல்லக்கூடிய மனிதருக்குத் தன் பிள்ளையின் கையில் என்ன போனது என்று தெரியாது.

மூன்று மாதம் கையில் பாரம் வைக்கக் கூடாது என்று வைத்தியர் துண்டில் எழுதித் தந்தார். கால், வயிறு, சமநிலைப் பயிற்சிகள் செய்யலாம். ஓடலாம், குதிக்கலாம். கை மட்டும் வேண்டாம். வளர்ச்சித் தட்டு தானாக ஆறும், ஆற விட வேண்டும். இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை வாசியுங்கள். அந்த நாளில் என் கை ஆறக்கூடிய கை.

ஐந்தாவது வாரம் சேர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். தெரிவுப் போட்டி வருகிறது, மற்றப் பிள்ளைகள் முந்திவிடுவார்கள், கொஞ்சமாகச் செய்யலாம், கையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கொஞ்சமாத்தானே செய்யப் போறா" என்றார். எனக்கும் வலி குறைந்திருந்தது. நானும் "போறேன்" என்றேன். அம்மாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்ப மாட்டேன். அந்த வீட்டில் 'வேணாம்' என்று சொன்னவர் ஒருவர்தான். அவர் சொன்னது எடுபடவில்லை.

அப்பா அதோடு விடவில்லை. அடுத்த வாரம் வேலை முடிந்து காக்கிக் காற்சட்டையோடு மண்டபத்துக்கு வந்தார். பின்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியையும் பேனையையும் எடுத்தார். நான் கையை ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டார்.

பயிற்சி முடிந்ததும் கொப்பியை சேரிடம் கொண்டுபோய்க் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு. கொஞ்சமாகச் செய்த நாளில் நானூற்றுப் பன்னிரண்டு.

"சேர், இத கொஞ்சம் பாருங்க. முதல் ஒரு மணித்தியாலத்துல நூத்தி நாப்பது. மிச்சம் எல்லாம் களைச்ச பொறகு. கை மடங்கி மடங்கி விழுது. நான் அதுக்குத் தனியா குறி போட்டிருக்கேன்."

சேர் கொப்பியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கோபச் சிரிப்புக்கூட இல்லை, செல்லமான சிரிப்பு.

"ஐயா, பிள்ள தண்ணி மீட்டர் இல்ல."

மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு சேர் அதைச் சிங்களத்திலும் சொன்னார். இரண்டாவது முறையும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

பஸ்ஸில் அப்பாவிடம், "இனிமே நீங்க வராதீங்கப்பா. வெக்கமா இருக்கு" என்றேன். அப்பா கொப்பியைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். "சரிம்மா" என்றார். பிறகு வரவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து வால்ட் மேசையில் கையை வைத்தபோது இடது கை நிற்கவில்லை. முகம் குப்புற விழுந்தேன். எழும்பினேன். சேர் ஓடி வந்தார். முகத்தைத் துடைத்தார், தண்ணீர் தந்தார். பல் ஒன்றும் உடையவில்லை என்று பார்த்தார். பிறகு, பயம் மனதில் தங்கக் கூடாது என்பதற்காக, "தவ எகய்" என்றார்.

நான் அதையும் செய்தேன்.

இந்த முறை எம்.ஆர்.ஐ. (காந்தப் புலத்தால் உள்ளே எடுக்கும் படம்) எடுத்தார்கள். வளர்ச்சித் தட்டின் குறுக்கே எலும்புப் பாலம் விழுந்திருந்தது. எலும்பு நீள வேண்டிய இடம் எலும்பாலேயே பூட்டப்பட்டுவிட்டது. ஆரை எலும்பு இனி வளராது. பக்கத்து அரந்தி எலும்பில் பழுது இல்லை, அது வளர்ந்துகொண்டே போகும். ஒன்று நின்றுவிட, மற்றது தள்ளும். கை சரியும்.

அதே வைத்தியர்தான். முதல் முறை எழுதிய துண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. "இனி ஜிம்னாஸ்டிக்ஸ் ஏலாது மகள்" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவும் அம்மாவும் என் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். அம்மா அழுதார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பண்டேஜை வாசல் கம்பியிலிருந்து அம்மாதான் எடுத்தார். எங்கே போட்டார் என்று தெரியாது.

வளர்ச்சி நிற்கும் வரை மூன்று வருடம் காத்திருந்தோம். பதினாறு வயதில் அரந்தி எலும்பைக் குறுக்கும் சத்திரசிகிச்சை செய்தார்கள். எலும்பில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, உலோகத் தகடும் ஆணிகளும் வைத்து மூட்டினார்கள். நன்றாக வளர்ந்த எலும்பை, வளராத எலும்புக்குச் சமமாக வெட்ட வேண்டியிருந்தது. எனக்கு இதில் எதைப் பார்த்து ஆத்திரப்படுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு பிசியோதெரபி. அதைச் சொல்லித்தந்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு வாளி நிறைய அரிசியில் கையை விட்டுப் பிசையச் சொல்வார். விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் பலம் வரும். வீட்டிலும் செய்யச் சொன்னார்.

அம்மா கேட்டார், "மிஸ், அந்த அரிசிய பொறகு சோறாக்கலாமா?"

"ஆக்கலாம் அம்மா. ஆனா மகளின்ட கோவமும் அதுக்குள்ள கிடக்கும். பாத்துச் சாப்பிடுங்கோ."

அந்த மிஸ்ஸிடம்தான் நான் ஐந்து வருடம் பயின்ற விளையாட்டைப் பற்றி முதல் முறையாகக் கற்றேன். ஒரு நாள் தவ எகய் கதையைச் சொன்னேன். அப்பாவின் கொப்பியைப் பற்றியும் சொன்னேன். கொண்டுவரச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆர் எழுதினது?"

"அப்பா."

"உங்கட அப்பா கோச்சாப் போயிருக்க வேணும்." பிறகு தனிக் குறிகள் தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார். "இதில இருந்து பாரும். இதுக்குப் பிறகு நீர் ஃப்ளிக் பழகேல்லை. களைப்பைத்தான் பழகியிருக்கிறீர். மூளைக்கு நல்லது கெட்டது தெரியாது பிள்ளை. எதைத் திரும்பத் திரும்பச் செய்யிறீரோ அதைப் பழகும். மடங்கின கையையும் வடிவாப் பழகும்."

"அப்ப எத்தன செஞ்சிருக்கணும் மிஸ்?"

"நல்லதா வாற வரைக்கும். கெட்டுப் போகத் தொடங்கினா நிப்பாட்ட வேணும். மிச்சத்தை நாளைக்குச் செய்யலாம். நித்திரை கொள்ளேக்கையும் மூளை பழகும்."

அவர் இன்னும் சொன்னார். ஒரு பாய்ச்சலைத் துண்டு துண்டாகப் பிரித்து, மெத்தை மேல், சரிவுப் பலகை மேல், கைக்குப் பாரம் குறைத்துப் பழக்கலாம். கைக்கு ஒரு நாள் என்றால் காலுக்கு அடுத்த நாள். தோள் மூட்டு இறுகியிருந்தால் மணிக்கட்டு அளவுக்கு மீறி வளையும். என் மணிக்கட்டு கெட்டதற்கு என் தோளும் காரணம். ஐந்து வருடத்தில் என் தோளை யாரும் அளந்து பார்த்ததில்லை. பிள்ளை திடீரென்று உயரும் மாதங்களில் பயிற்சியைக் குறைக்க வேண்டும். நான் பன்னிரண்டு வயதில் ஒரே வருடத்தில் இரண்டு முறை பாடசாலைச் சீருடை மாற்றினேன். அம்மாவுக்குத் தெரியும், தையல்காரருக்குத் தெரியும். அதே வருடம்தான் சேர் எனக்கு ஃப்ளிக்கை மூன்றாக்கினார்.

இதெல்லாம் இரகசியம் இல்லை. வளர்கிற பிள்ளைகளின் உடம்பைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டால் சொல்வார்கள். நாங்கள் கேட்கவில்லை. பண்டேஜ் கேட்டோம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

போன மாதம் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. அறுபது பிரதி வேண்டும் என்று எங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் கழகத்துப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்து வைத்தார். நான் மெஷினில் வைக்கும்போதுதான் வாசித்தேன். வருடாந்தப் பெற்றோர் கூட்டம். எட்டுப் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பண்டேஜ் கட்டும் வைபவம். கட்டிவிடுபவர், முன்னாள் மாகாணப் பதக்க வீராங்கனை. அதற்குக் கீழே என் பெயர்.

என்னை யாரும் கேட்கவில்லை. நானே என் பெயரை அறுபது பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

சேருக்குப் போன் செய்தேன்.

"சேர், என்னைக் கேக்காம பேர் போட்டிருக்கீங்க."

"நீ நம்ம பிள்ளதானே, துவ. கேக்க என்ன இருக்கு?"

"என் கை என்ன ஆச்சுன்னு தெரியும்தானே உங்களுக்கு?"

"தெரியும். கவலதான். உனக்கு லக் இல்ல."

"பண்டேஜ் கட்டுற பழக்கத்த நிப்பாட்டுங்க சேர்."

"பிள்ளைங்க ஆசையா இருக்கு. நீயும் ஆசையாத்தானே வாங்கின?"

போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வத்தேகமவிலிருந்து ஒரு அம்மா மகளோடு கடைக்கு வந்தார். பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்க வேண்டும், போட்டிக்குப் பதியவாம். பிள்ளைக்குப் பத்து வயது. பெயர் சஹானா. கடிதத்தில் இருந்த எட்டுப் பேரில் ஒருத்தி.

"கை வலிக்குதா?" என்று கேட்டேன்.

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வலிக்குது அக்கா."

"ரெண்டு கையும்" என்றார் அம்மா, பெருமையாக.

நான் மேசையில் கையை ஊன்றி அழுத்தச் சொன்னேன். ஊன்றி, ஒரு துள்ளுத் துள்ளிக் காட்டினாள். முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு வலிக்கவில்லை. எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளையின் கை இன்னும் நல்ல கை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் உடம்பு எனக்கு ஒன்றாக இருந்த காலம் போய்விட்டது. எனக்கு இருபத்தொன்று. என் இடது ஆரை எலும்புக்குப் பதின்மூன்று. அது அந்த வால்ட் மேசையோடு நின்றுவிட்டது. இரண்டு கையையும் நீட்டினால் ஒரு கை சின்னப் பிள்ளையுடைய கை மாதிரித் தெரியும். மழை பிடித்தால் தகடு இருக்கும் இடம் குளிரும். கடையில் காகிதக் கட்டைத் தூக்கும்போது வலது கை தூக்கும், இடது கை சும்மா கூட வரும். கோபம் வரும்போதுகூட வலது கைதான் மூடுகிறது.

நேரமும் மாறிவிட்டது. முன்பு எல்லாமே அடுத்த ஒன்றுக்காக இருந்தது. இப்போது யாராவது 'இன்னும் ஒன்று' என்றால், ஒரு பிரதிதான் கேட்கிறார்கள் என்றாலும், முதுகு விறைக்கிறது. எத்தனையாவது என்று மனம் எண்ணத் தொடங்குகிறது.

கடையில் உள்ள மெஷினுக்குள் ஒரு கவுண்டர் இருக்கிறது. எத்தனை பிரதி எடுத்தது என்று தானாக எண்ணும். குறித்த எண் வந்ததும் ஆள் வந்து உள்ளே தேய்ந்த உருளையை மாற்றிவிட்டுப் போவார். மெஷினுக்கு எண்ணுகிறார்கள் சேர். பிள்ளைக்கு எண்ணிய ஒரே ஆளைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். என் பங்குக்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அட, அத ஏம்மா இப்ப" என்றார். கொப்பியைக் கேட்டேன். அலுமாரியில் சம்பளச் சீட்டுகளுக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தார்.

நான் கூட்டத்துக்கு வருகிறேன். என் பெயர் போட்ட பிறகு வராமல் இருப்பது மரியாதையில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் கையிலும் பண்டேஜ் கட்ட மாட்டேன். அப்பாவின் கொப்பியில் உள்ள அந்தப் பக்கத்தை அறுபது பிரதி எடுத்திருக்கிறேன். கீழே என் கேள்விகளைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு கதிரையிலும் ஒன்று இருக்கும்.

இந்த எட்டுப் பிள்ளைகளும் ஒரு நாளைக்கு எத்தனை முறை கையை ஊன்றுகிறார்கள்? யார் எண்ணுகிறார்கள்? கை மடங்கத் தொடங்கினால் யார் நிறுத்துகிறார்கள்? வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை ஏன் வைத்தியரிடம் அனுப்பாமல் மேடைக்கு அனுப்புகிறீர்கள்? வைத்தியர் மூன்று மாதம் என்று எழுதிய பிள்ளையின் வீட்டுக்கு ஐந்தாவது வாரம் ஏன் வந்தீர்கள்?

போனில் வேண்டாம். என் காதில் வேண்டாம். பிஸ்கட் டின்னோடு வீட்டுக்கும் வர வேண்டாம். அந்த மேடையில், மைக்கைப் பிடித்து, அத்தனை அம்மா அப்பாமார் முன்னாலும், அந்த எட்டுப் பிள்ளைகள் முன்னாலும் பதில் சொல்லுங்கள் சேர்.

அப்பாவும் வருவார். பின்வரிசையில்தான் உட்காருவார். அவருடைய கோடுகளை ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். இந்த முறை யாரும் சிரிக்க மாட்டோம்.